கொழும்புக்குக் கிளம்பிய பெட்டி

மந்தைவெளி
வெள்ளிக்கிழமை, 9 மார்ச் 1934

டில்லியில் இருக்கும் அத்திம்பேருக்கு மைத்துனன் சுந்தரராமன் அநேக நமஸ்காரம். அக்காவும் குழந்தைகளும் நன்றாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் உத்தியோகம் மட்டும் இல்லை.

தங்கள் சிபாரிசில் கிடைத்த வேலை. கொழும்பில் இந்திய சர்க்காரின் பிரதிநிதிக்குக் காரியதரிசி. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஆஜராக வேண்டும். தவறினால் ஜாபிதாவில் அடுத்தவருக்கு. அதற்கு வியாழக்கிழமை போட் மெயிலைப் பிடித்தாக வேண்டும். வியாழக்கிழமை தெற்கே சூலம். கொழும்பும் தெற்கே. எம்.ஏ.வில் சர்வதேச உறவுகள் படித்தேன். சூலத்துக்கு அதில் வழியில்லை.

அம்மாவிடம் இருந்தது. பரஸ்தானம். முதல் நாளே ஒரு சாமானைப் போகும் திசையில் யார் வீட்டிலாவது வைத்துவிட்டால் பிரயாணம் கிளம்பியதாகவே அர்த்தம், சூலம் தீண்டாது.

"துண்டு ஒண்ணு வெச்சாப் போறாதா?" என்றேன்.

"கடல் தாண்டறவனுக்குத் துண்டா? பெட்டியையே வை."

புதன்கிழமை என் பெட்டி மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிச் சித்தி வீட்டுக்குப் போயிற்று. நியமன உத்தரவும் அதற்குள்ளே.

"பெட்டிக்குப் பதிலா உங்களை அனுப்பியிருக்கலாம்" என்றாள் நீரஜா. மனைவி பேச்சை யார் கேட்கிறார்கள்.

நேற்று மத்தியானம் பெட்டியை எடுக்கப் போனால் சித்தி காபியைக் கையில் கொடுத்து, சமுத்திரத்துக்கு மந்தைவெளி போதாதென்று அடையாற்றில் தன் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்ல, அங்கே ஓடினால் நாத்தனாரும் காபி கொடுத்து, இன்னும் தெற்கே இருக்கட்டுமென்று ஆதம்பாக்கம் வேம்பு மாமா வீட்டுக்கு அனுப்பியிருக்க, அங்கேயும் காபி குடித்து நிமிர்ந்தால், "செங்கல்பட்டுல போட் மெயில்லயே ஏத்தச் சொல்லியாச்சுடா, இனிமே உன்னை எந்தச் சூலமும் தொடாது" என்று மாமா முதுகில் தட்டுகிறார். எழும்பூர் போய்ச் சேர்ந்தபோது ரயில் இல்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா நிலைவாசலை மறித்துக்கொண்டாள்.

"கிளம்பினவன் திரும்பி வரப்படாது."

"பெட்டிதானேம்மா கிளம்பித்து?"

"பெட்டி கிளம்பினா நீ கிளம்பினாப்பல."

சித்தி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு டிக்கெட்டுகளோடு எனக்காக ஸ்டேஷனில் காத்திருந்த நீரஜாவையும் காணோம். கோபித்துக்கொண்டு அபிராமபுரத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருப்பாள். போய்க் கேட்கத் தைரியம் இல்லை.

தாங்கள் யாரையாவது பார்த்து ஒரே ஒரு வாரம் அவகாசம் வாங்கித் தர வேண்டும். இது போனால் எனக்கு வேறு கதியில்லை.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

தங்கள்,
சுந்தரராமன்

பி.கு. சனிக்கிழமை. கொழும்பிலிருந்து தந்தி வந்திருக்கிறது: "பெட்டியைப் பிடித்தேன். உத்தரவைக் கொடுத்தேன். மணி ஒன்பது. வேலை ஏற்றாயிற்று. இங்கு ஆட்சேபணை இல்லை. நல்ல நாள் பார்த்து வரவும். நீரஜா."

ஆகையால் அவகாசம் வேண்டாம். சிபாரிசில் பெயரை மட்டும் மாற்றித் தரவும். அடுத்த நல்ல நாள் புதன்கிழமையாம். அதற்குள், காரியதரிசியின் புருஷனுக்கு அங்கே என்ன வேலை என்று விசாரித்து எழுதவும்.