ஜன்னலோரக் கம்ப்யூட்டர்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு ஜன்னலோரத்திலே, ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். ஊர் என்றால் நம்ம ராயப்பேட்டை. ஜன்னல், இனாயத் வீட்டு மாடி ஜன்னல். கம்ப்யூட்டர் அவன் கல்யாணத்துக்கு மூத்தது. பட்டனைத் தட்டிவிட்டு, பல் தேய்த்து, டீ குடித்து, கிளாசையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், அப்போதுதான் ஒரு கண்ணைத் திறக்கும்.

அந்த வீட்டில் இனாயத்துக்கென்று இருந்த சொத்து அந்த மூலை மட்டும்தான். அடுப்பும் பீரோவும் மனைவி ஷாகிராவுடையவை. ரிமோட் மகள் சிம்ராவுடையது. வெளிச்சமும் மின்விசிறிக் காற்றும் ஒன்றாய் வந்து விழும் அந்த மூலையில் உட்கார்ந்தால் அவன் ராஜா. ராஜாவுக்கு ஒரே குறை, புதுக் கம்ப்யூட்டர் வேண்டும். கேட்கும்போதெல்லாம் ஷாகிரா ஒரே பதிலைச் சொல்வாள். ஓடுதில்ல, ஓடுற வரைக்கும் ஓடட்டும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அது ஓட்டத்தை நிறுத்தியது. உள்ளே ஹார்டு டிஸ்க் பல்லி மாதிரி நாலு தரம் சத்தம் போட்டது. அப்புறம் மூச்சில்லை. இனாயத்தின் முகம் அழுதது. மனசுக்குள்ளே பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது.

உண்மையில் ஒரு தூசியும் போகவில்லை. இனாயத் முன்ஜாக்கிரதைப் பேர்வழி. மாசா மாசம் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் நகல் எடுத்து வைப்பான். புது டிஸ்க் ஒன்றை மாட்டி, அந்த பேக்கப்பை அதில் கொட்டினால் கிழவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஆனால் கிழவன் எழுந்துவிட்டால் புது மாப்பிள்ளை எப்படி வருவான்? அதனால் இப்படித் திட்டம் போட்டான். எல்லாம் போச்சு என்பது. புதுசு வாங்குவது. வாங்கின மறுநாள், படாத பாடு பட்டு மீட்டேன் என்று பெட்டியைக் கொட்டுவது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர், பேருக்குப் பேர்.

"எல்லாமே போச்சா?" என்றாள் ஷாகிரா.

"எல்லாமே."

"கல்யாண போட்டோ?"

"போச்சு."

"சிம்ரா நடக்கப் பழகின வீடியோ?"

மீன் முள் சிக்கின மாதிரி இருந்தது தொண்டை. ஆனாலும் "போச்சு" என்றான்.

"என் பிளவுஸ் டிசைனெல்லாம்?"

"அதுதான் முதல்ல போச்சு."

சாவுச் செய்தி கேட்ட மாதிரி ஷாகிரா 'இன்னா லில்லாஹி' ஓதினாள். தால்ச்சா அடிபிடிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. இவ்வளவு சுலபமா என்று இனாயத்துக்கே சற்று ஏமாற்றம்.

இனி பெட்டியை ஒளிக்க வேண்டும். புருஷன் ஒரு பொருளை ஒளித்து வைக்கிற மாதிரி எந்த வீட்டை எந்தக் கொத்தனார் கட்டியிருக்கிறார்? பரணைத் தட்டுவது அவள். அரிசி டின்னில் கை விடுவது அவள். கட்டிலுக்கு அடியில் தினம் போவது அவள் துடைப்பம். மறுநாள் காலை டிபன் பைக்குள், சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்துத் தரமணி ஆபீசுக்கே கொண்டுபோய் டிராயரில் பூட்டினான்.

சாயங்காலம் திரும்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கம்ப்யூட்டர் ஒரு அரிசிச் சாக்குக்குள் கழுத்து வரை இறங்கிக் கதவோரம் உட்கார்ந்திருந்தது. ஜன்னலோர மேஜையில் தையல் மெஷின். மெஷினுக்கு முன்னால் ஷாகிரா. அவள் தலைக்கு மேலே அவனுடைய காற்று.

"இது என்ன?"

"மெஷின்."

"அது தெரியுது. கம்ப்யூட்டர் ஏன் சாக்குல இருக்கு?"

"உள்ளே ஒண்ணுமே இல்லன்னீங்களே. ஒண்ணும் இல்லாத டப்பாவுக்கு ஜன்னலோர சீட்டு எதுக்கு? பழைய சாமான்காரர் ஞாயித்துக்கிழமை காலையில வரேன்னிருக்கார்."

"அப்போ புதுசை எங்கே வைக்கிறது?"

"புதுசு எதுக்குங்க?" அவள் கண் ஊசியை விட்டு நகரவில்லை. "போட்டோ இருந்தா பார்க்கலாம். டிசைன் இருந்தா எடுக்கலாம். எல்லாந்தான் போச்சே. வெறும் திரையில மூஞ்சி பார்க்கவா? அதுக்குப் பீரோவுல கண்ணாடி இருக்கு."

இனாயத்திடம் இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது தரமணியில் பூட்டிக் கிடந்தது.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஆம்பூரிலிருந்து பெரியம்மா போனில் துக்கம் விசாரித்தார். எதிர்வீட்டு ஜைதூன் பீ, எழுதினது அவ்வளவுதான், பொறுமையா இருப்பா என்று ஒரு கிண்ணம் பிர்னிப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். இனாயத் கிண்ணத்தைச் சிம்ரா பக்கம் நகர்த்தினான்.

சனிக்கிழமை மொட்டை மாடிக்குப் போய் மச்சினன் ஹம்மாத்தைப் போனில் பிடித்தான். ஹம்மாத் ஷாகிராவின் தம்பி, ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். பேக்கப் பத்திரமாக இருப்பதை அவனிடம் மட்டும் ஒப்புக்கொண்டு, புதுசு வாங்கினால்தான் பழையதை மீட்க முடியும் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொல்லப்பா என்று கெஞ்சினான்.

"நீங்க கவலைய உடுங்க மச்சான். நான் கீறேன்ல," என்றான் ஹம்மாத்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவன், சாக்கிலிருந்து கம்ப்யூட்டரை வெளியே எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தான். "டிஸ்க் மட்டுந்தான்க்கா அவுட்டு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி கீது. பேக்கப்னு ஒண்ணு இருந்தா இன்னிக்கே எழுப்பிடலாம்."

இனாயத் கண்ணால் ஜாடை காட்டினான். புருவத்தால் காட்டினான். காதால் காட்ட முடிந்திருந்தால் அதையும் செய்திருப்பான். ஹம்மாத் ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்தா இவரு சொல்லியிருக்க மாட்டாராடா?" என்றாள் ஷாகிரா. "பொண்ணு நடந்த வீடியோ போச்சுன்னு சொல்றப்ப இவருக்குத் தொண்டையே அடைச்சிடுச்சு. பாவம்."

கீழே பழைய சாமான்காரரின் குரல் கேட்டது. ஷாகிரா சாக்கைக் கட்டக் கயிற்றைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தால் புதுசு போகும். மூடியிருந்தால் பழசும் போகும், மூலையும் போகும்.

"ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தான் இனாயத். "டிராயர்ல, எப்பவோ ஒரு காப்பி எடுத்து வெச்ச மாதிரி லேசா ஒரு ஞாபகம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஷாகிரா, கொஞ்சமும் ஆச்சரியப்படாமல். "போய் எடுத்துட்டு வாங்க. வெயிலா இருக்கு, குடை எடுத்துக்குங்க."

பறக்கும் ரயிலில் போய்ப் பெட்டியோடு வந்தான். ஹம்மாத் தன் பையிலிருந்து புது டிஸ்க்கை எடுத்து மாட்டி, பேக்கப்பைக் கொட்டினான். சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்தது. திரையில் சிம்ரா விழுந்தாள், எழுந்தாள், தத்தித் தத்தி நடந்தாள். ஷாகிரா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டம் தோற்ற வருத்தம் இனாயத்துக்குப் பாதியாகக் குறைந்தது. சரி, மூலையாவது மிஞ்சியது என்று மேஜைப் பக்கம் திரும்பினான்.

உட்கார்ந்துவிட்ட மெஷினை எழுப்புவது மரியாதை இல்லை என்றுவிட்டாள் ஷாகிரா. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, காற்று எட்டாத சந்தில், ஒரு ஸ்டூல் மேல் குடியேறியது கம்ப்யூட்டர்.

ஹம்மாத் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் இனாயத்துக்குப் பொறி தட்டியது.

"ஏம்பா, ஞாயித்துக்கிழமை உங்க தெருவே மூடியிருக்குமே. புது டிஸ்க் எப்ப வாங்கினே?"

"வெள்ளிக்கிழமை மச்சான்."

"நான் உனக்குப் போன் பண்ணினதே சனிக்கிழமையாச்சே?"

"அக்கா வெள்ளிக்கிழமை காலையிலயே பண்ணிடுச்சு. 'டிஸ்க் ஒண்ணு வாங்கி வைடா, பேக்கப் டிபன் பையில ஏறித் தரமணிக்கு வேலைக்குப் போயிருக்கு, லீவு நாள்ல தானா வூட்டுக்கு வந்துரும்'னுச்சு," என்று சொல்லிவிட்டு, ஹம்மாத் படியிறங்கிப் போனான்.