கனடா அம்பிளிபயரும் என்ரை காதும்

யேசு மரி சூசை

குருநகர்,
தவக்காலம் நாலாம் கிழமை, செவ்வாய்.

பேரன்புள்ள மச்சான் செபமாலைக்கு,

உன் அக்கா ஸ்ரெல்லாவைக் கட்டிய பாவத்துக்கு முப்பத்தெட்டு வருடமாக உனக்கு அத்தானாயிருக்கும் சிமியோன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். அங்கு நீயும் மனைவி பிள்ளைகளும் பனியில் சறுக்கி விழாமல் சுகமாயிருக்கப் புனித யாகப்பரை மன்றாடுகிறோம். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் திருத்தம் சொல்லுவாள். கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

நீ அனுப்பிய அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இரண்டு மாதம் கடலில் கிடந்து, ஒரு கீறலும் இல்லாமல் போன வியாழன் வந்து சேர்ந்தன. பெட்டியை உடைத்த நேரத்திலிருந்து மூன்று தரம் அழைத்து "அத்தான், வித்தியாசம் தெரியுதோ, தெரியுதோ" என்று கேட்டுவிட்டாய். தெரிந்தால் பழசை முன்வீட்டு றஜிந்தனின் மீன்வாடிக்குக் கொடுக்கச் சொன்னாய். அவன் அன்றைக்கே சைக்கிள் கரியரில் கயிறும் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். என் பழைய அம்பிளிபயரை நீ கண்டிருக்கிறாய். சத்தம் கூட்டுகிற குமிழுக்குள் ஒரு நெருப்புக்குச்சி செருக வேண்டும், இடது பக்கத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், பிறகு தங்கமாகப் பாடும். அதைவிட நல்லாய்ப் பாட ஒரு பெட்டியால் முடியுமா, முடிந்தால் அந்த நல்லது எங்கே இருக்கிறது, வயரிலா, பெட்டியிலா, கேட்கிறவன் மனசிலா என்று எனக்கும் அறிய ஆசைதான். நாற்பது வருடம் படகு எஞ்சின் திருத்தியவனுக்கு ஒரு சத்தத்தைக் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நித்திரை வராது.

மச்சான், உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அக்காவிடம் மூச்சு விடாதே. பெரிய வெள்ளிக்கு எங்கள் கோயிலில் அந்த நீண்ட புலம்பலைத் தனியாகப் பாடுகிறவன் இருபத்தாறு வருடமாக நான்தான் என்பது உனக்குத் தெரியும். போன கிழமை ஒத்திகை முடிய, பாடகர் குழுவை நடத்துகிற சுரேஸ் என்னைச் சிலுவைப்பாதைப் படங்களுக்குப் பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், "சிமியோன் அண்ணை, குறை நினையாதையுங்கோ, ரெண்டாம் அடியிலை சுதி கொஞ்சம் விலகுது. உங்களுக்கு அது கேக்கேல்லையோ? இந்த முறை கிறிஸ்ரி பாடட்டுமே" என்றான். கிறிஸ்ரிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததே நான். குருத்தோலை ஞாயிறுக்குள் முடிவு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்து யோசித்தேன். எனக்கு விலகல் ஒன்றும் கேட்கவில்லைத்தான். அப்படியானால் எஞ்சின் இரைச்சலில் என் காது போய்விட்டதா? அந்தப் பயத்தில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் உன் பார்சல் வந்தது. இரண்டு அம்பிளிபயருக்கும் உள்ள வித்தியாசத்தை என் காது பிடித்தால் காது சரி. பிடிக்காவிட்டால் கிறிஸ்ரி பாடட்டும். இதுதான் என் கணக்கு.

"கண்ணாலை பாத்தா மனம் பொய் சொல்லும் அத்தான், கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துத் தரம் கேளுங்கோ" என்று நீ சொன்ன மாதிரியே நேற்றுப் பின்னேரம் செய்தேன். புதுசையும் பழசையும் அததன் ஸ்பீக்கரோடு பூட்டி, நடுவில் நீ அனுப்பிய மாற்றுகிற சுவிச்சை வைத்தேன். தவக்காலத்தில் சினிமாப் பாட்டுப் போட்டால் உன் அக்கா வீட்டுக்குள் விடமாட்டாள் என்பதால், போன வருடப் பெரிய வெள்ளிக்கு நான் பாடிய புலம்பலை எங்கள் மகள் பிரியந்தினி போனில் பதிந்து வைத்திருந்ததைப் பென்ட்ரைவில் ஏற்றி, முடிய முடியத் திரும்பப் பாடும்படி விட்டேன். புழுக்கத்துக்கு யன்னலெல்லாம் திறந்தேன். சத்தத்தை நன்றாகக் கூட்டினேன். சாய்மனைக் கதிரையில் படுத்து, கண்ணுக்கு மேல் வெள்ளைத் துவாயைக் கட்டி, எத்தனையாவது தரம் என்று மறக்காமலிருக்கச் செபமாலையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். ஒரு தரத்துக்கு ஒரு மணி, பத்து மணி தள்ளினால் பரீட்சை முடிந்தது. பாட்டு மாறும்போதெல்லாம் உன் அக்கா தன் விருப்பப்படி சுவிச்சை மாற்றவோ மாற்றாமல் விடவோ வேண்டும். புதுசு என்றால் நான் ஒரு விரல் காட்டுவேன், பழசு என்றால் இரண்டு விரல். அவள் சரி பிழை சொல்ல வேண்டும். அவளுக்குக் கணவாய்க்கறி வேலை, வெங்காயமும் கையுமாகத்தான் வந்தாள்.

மச்சான், பத்துக்குப் பத்தும் சரி. முதல் தரமே ஒரு விரல் காட்டினேன், "சரி" என்றாள். என்ன சத்தமடாப்பா அது. என் குரல் ஆழ்கடலில் நங்கூரம் இறங்குகிற மாதிரி நேராக இறங்கியது. மூன்றாம் தரம் பழசு என்று உடனே பிடித்தேன், ஒரு கரகரப்பு, அந்த இரண்டாம் அடியில் மெல்லிய ஆட்டமும் இருந்தது. ஆக, விலகல் என் தொண்டையில் இல்லை, பழைய ஸ்பீக்கரில். கோயிலிலும் பழைய ஸ்பீக்கர்தானே, சுரேஸ் பாவம், அதைக் கேட்டு ஏமாந்துவிட்டான் என்று விளங்கியது.

செபமாலையில் ஏழாவது மணியைத் தள்ளும்போது முற்றத்தில் ஏதோ அரவம் கேட்டது. நாய் என்று விட்டுவிட்டேன். நடந்தது பிறகுதான் தெரியும். பக்கத்து வீட்டு மேர்சி என் புலம்பலை நாலாம் தரமும் கேட்டுவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் வெள்ளைத் துணியும் செபமாலையுமாக அசையாமல் கிடக்கிறேன். உன் அக்கா குசினி வாசலில் வெங்காயக் கண்ணைத் துடைக்கிறாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புலம்பல் விடாமல் பாடினால் அது என்ன வீடு என்று உனக்குத் தெரியும்தானே. அதுவும் செத்தவனின் சொந்தக் குரலையே போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு உருகிப் போயிற்றாம். பத்து நிமிடத்தில் முற்றம் நிறையக் கதிரை. அதுவும் றஜிந்தன் அம்பிளிபயர் ஏற்றக் கொண்டுவந்த கயிற்றால் கட்டி இழுத்து வந்த கதிரைகள். கோயில் மணி அடிக்கிறவர் மணி அடிக்கலாமா என்று கேட்டு நிற்கிறார். உன் அக்கா குசினியிலிருந்து போட்ட "சரி" எல்லாம் வெளியில் அழுகையாகக் கேட்டதாம்.

பத்தாவது முடிந்து பதினோராவது தொடங்க முன் நாலைந்து நொடி அமைதி. அந்த அமைதியில் வாசற் படலையடியில் மேர்சி யாரோ ஒருத்தியின் காதுக்குள் குசுகுசுப்பது எனக்குக் கேட்டது.

"பாவம் மனுசன், நல்ல மனுசன். எண்டாலும் இந்த வருசம் பெரிய வெள்ளிப் பாட்டு ஒழுங்காப் போகும்."

அவள் சொன்னதை விடு. தூரத்தைப் பார். படலையிலிருந்து என் கதிரைக்கு மூன்றரைப் பாகம், இருபத்தொரு அடி, பிறகு கயிறு பிடித்து அளந்தேன். அந்தத் தூரத்துக் குசுகுசுப்பு விழுகிற காதுக்கு என்ன குறை? சந்தோசத்தில் துவாயை இழுத்துவிட்டு எழும்பினேன். அதில் இரண்டு பெண்கள் கதிரையோடு விழுந்தார்கள், மணி அடிக்கிறவர் சிலுவை போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். கிறிஸ்ரி மட்டும் ஓடவில்லை. வாசற்படியில் இருந்து முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தான். "இனி எனக்குப் பிழை சொல்லித் தர ஆர் இருக்கினம் எண்டு அழுறன், நீங்கள் என்னண்டா துவாயோடை நிக்கிறியள்" என்று என்னை ஏசினான். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். கணவாய் அடிப்பிடித்துவிட்டது.

ஆகவே முடிவு: உன் புதுசுக்கும் பழசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் காது பழுதில்லை, குரலும் பழுதில்லை. பெரிய வெள்ளிக்கு நானே பாடுகிறேன் என்று சுரேசுக்கு நாளைக்குச் சொல்லிவிடுவேன். பழசை றஜிந்தன் எடுத்துக்கொண்டு போகலாம்.

உன் பிள்ளைகள் படிப்பிலும் பயபக்தியிலும் வளர, உன் வாகனம் பனியில் புதையாமலிருக்க, தேவமாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
சி. சிமியோன்

பி.கு: கடிதத்தை ஒட்டமுன் நேற்றிரவு உன் அக்கா எடுத்து வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, நான் அந்தச் சுவிச்சைத் தொடவே இல்லை" என்கிறாள். கை முழுக்கக் கணவாய் மை, ஈரக் கையால் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்ற பயமாம். பத்துத் தரமும் பாடியது பழசுதான். "பிறகேன் சரி சரியெண்டு சொன்னனீ?" என்று கேட்டேன். "மூண்டு நாளாச் சோறு தின்னாமக் கிடந்த மனுசன் விரலைக் காட்டிக் காட்டிச் சிரிக்குது. பிழையெண்டு சொல்ல எனக்கு மனம் வருமோ?" என்றாள்.

இன்று காலை அவள் கையைக் கழுவித் துடைத்து, உண்மையாகவே சுவிச்சை மாற்றினாள். உன் கேள்விக்கு விடை, ஓம் மச்சான், தெரியுது. புதுசில் என் குரல் கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரித் தெளிவு. இரண்டாம் அடியில் சுதி விலகுகிறது. கேட்டுப் பிடித்த காதில் ஒரு குறையும் இல்லை. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் அதே இடம். பிறகு பழசில் போட்டேன். அது தன் கரகரப்பால் அந்த இடத்தை மூடிவிட்டது.

கிறிஸ்ரியைக் கூப்பிட்டுப் பாட்டைக் கொடுத்துவிட்டேன். பெரிய வெள்ளிவரைக்கும் பின்னேரங்களில் வீட்டுக்கு வருவான். புதுசில் அவன் குரலைப் போட்டு, எங்கே பிழை என்று நான் கேட்டுச் சொல்லுவேன். றஜிந்தனிடம் மட்டும் நீயே ஒருக்கால் சொல்லிவிடு, பழசை நான் ஒருத்தருக்கும் கொடுக்கிறதாயில்லை. அதிலைதான் நான் நல்லாப் பாடுறன்.