கிழங்கெறிவானுக்குத் தீனி

"இந்த வீட்டுல ஒண்ணு அந்தக் கிழங்கெறிவான் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்! எது வேணும் உனக்கு?"

"இரு குன்வோர், யோசிச்சுச் சொல்றேன்."

ஹோல்கர் செய்த தப்பு, யோசித்ததுதான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அவன் மனைவி கையால் ஒரு காபிக் கோப்பை உடைந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் எங்கள் ஊர் மோஸ்விக்கனில் பாதிப் பேருக்கு இது அப்போதே தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நாங்கள் சொன்னோம்.

ஹோல்கர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அந்தக் கோடையில் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து மயங்கி, போலீஸ் லைசென்ஸுக்கு மனுப் போட்டு, ஆறு வாரம் நகத்தைக் கடித்தபடி காத்திருந்து வாங்கி வந்தான். லைசென்ஸ் வராமல் எங்கள் நாட்டில் துப்பாக்கி கை மாறாது. ஆறு வாரத்துக்கு முன்னால் லைசென்ஸும் வராது.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அது தின்கிற தோட்டாவில். பருமன் ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர், கூட்டின் நீளம் ஐம்பத்தேழு. தடியாக இருக்கும், அவசரமே படாது, நூறு மீட்டரைத் தாண்டினால் வீசியெறிந்த உருளைக்கிழங்கு மாதிரி வளைந்து இறங்கும். அதனால்தான் வடக்கு ஸ்வீடனில் அந்த ரகத் துப்பாக்கிக்கே கிழங்கெறிவான் என்று பெயர் விழுந்தது.

"மெதுவாப் போறதுதான் அதோட அழகே. கறியைச் சிதைக்காது," என்றான் ஹோல்கர்.

"பட்டாத்தானே சிதைக்கிறதுக்கு? பீரோவுல ஆறு துப்பாக்கிக்குத்தான் இடம். என் புது ரைஃபிள் கடையிலயே கிடக்கு. ஆறாவது இடத்துல உன் கிழங்கெறிவான் காலை நீட்டிப் படுத்திருக்கு!"

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. அக்டோபர் முடிவதற்குள் கிழங்கெறிவான் ஒரு கடமானைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் ஆயுசுக்கும் பீரோவில் இருக்கலாம். இல்லையென்றால் வெளியே. ஹோல்கர் மார்தட்டிச் சம்மதித்த பிறகுதான் தோட்டாவை எண்ணினான்.

மூன்று இருந்தன.

ஒன்றைக் குறி பார்க்கச் செலவழித்தான். அது பக்கத்து இலக்கு அட்டையில் போய் உட்கார்ந்தது. அந்த அட்டை எங்கள் வேட்டைக் கூட்டத்தின் தலைவி ராங்ஹில்டுடையது.

"உதவிக்கு நன்றி ஹோல்கர். ஆனா என் அட்டையை நானே பார்த்துக்குவேன்," என்றாள் அவள்.

நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டான்.

"ஐம்பத்தேழா? அதைக் கேட்டு ஆள் வந்தே வருஷக்கணக்காச்சு. அறுபத்திரண்டுதான் இருக்கு."

"அஞ்சு மில்லிமீட்டர்தானே கூட? திணிச்சுப் பார்த்தா?"

"தாராளமாத் திணி. உன் மூக்கைத் தேட நான் ஆள் அனுப்பறேன்."

வேறு வழியில்லாமல், செப்டம்பர் நடுவில் சிக்பிரிட்டின் மளிகைக் கடைக்குப் போனான். எங்களுக்கு அதுதான் தபால் ஆபீஸ், அதுதான் விளம்பரப் பலகை. கொஞ்சம் குறும்பு சேர்த்தால் நாலு பேர் நின்று படிப்பார்கள் என்று நினைத்து ஒரு சீட்டு எழுதி ஒட்டினான்: 'கிழங்கெறிவானுக்குத் தீனி வேண்டும். எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். ஹோல்கர்.'

"தோட்டான்னே எழுதித் தொலையேன்," என்றாள் சிக்பிரிட்.

"கிழங்கெறிவான்னா என்னன்னு தெரியாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

ஒருவன் இருந்தான். யெல்லே. மூன்று வருஷத்துக்கு முன் ஹாலந்திலிருந்து வந்து, இறந்துபோன காட்டிலாகாக்காரரின் வீட்டை வாங்கிக் குடியேறிய ஒண்டிக்கட்டை. அந்த வருஷம் அவன் போட்ட உருளைக்கிழங்கை முன்பனி வந்து கருக்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஹோல்கர் வாசலில் டிராக்டர் சத்தம்.

"நீங்க கேட்டது கொண்டாந்திருக்கேன். ரெண்டு டன்." ஹோல்கரின் சீட்டையும் யெல்லே கையில் வைத்திருந்தான். "இதைப் பலகையிலேருந்து எடுத்துட்டேன். ஊரே கொண்டாந்து கொட்டினா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"யெல்லே, அது வந்து, நான் கேட்டது கிழங்கு இல்ல..."

"எவ்வளவு இருந்தாலும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க!" அவன் முகம் வாடியதைப் பார்த்தால் கல்லும் கரையும். "சரி, எறியற மெஷினை ஒரு தடவை பார்க்கலாமா?"

ஹோல்கர் துப்பாக்கியை எடுத்து வந்து காட்டினான். யெல்லே அதை வாங்கி, தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இதுக்குள்ள கிழங்கு எப்படிப் போகும்?"

அதற்குமேல் அந்த அப்பாவியிடம் எப்படி விளக்குவது? ஹோல்கர் நன்றி சொல்லிவிட்டான். கிழங்கு முற்றத்தில் கொட்டியது.

"எனக்கு ஒரு ரைஃபிளுக்கு இடம் இல்ல, ரெண்டு டன் கிழங்குக்கு இடம் இருக்கா?" என்றாள் குன்வோர்.

காரை வெளியே நிறுத்திவிட்டுக் கிழங்கைக் கார் கொட்டகைக்குள் தள்ளினான். கருகிய கிழங்கு ஒரே வாரத்தில் கொழகொழத்து, வீட்டுக்குள் இருந்த திரைச்சீலை வரைக்கும் நாறியது. பாதியைக் காட்டோரம் கொண்டுபோய்க் கொட்டினான். அங்கே அது புளித்தது. புளித்த வாசனைக்குக் கடமான் வந்தது.

சாதாரணக் கடமான் இல்லை. இரண்டு கட்டில் அகலத்துக்குக் கொம்பு. காட்டோரத்துக் கிழங்கைத் தின்றுவிட்டு, மீதி எங்கே என்று மோப்பம் பிடித்துத் தள்ளாடியபடி முற்றத்துக்கே வந்து, குன்வோரின் கார்மேல் சாய்ந்து நின்றது. அக்டோபர் முப்பத்தொன்று, காலை ஏழு மணி. ஒப்பந்தத்தின் கடைசி நாள்.

"வேலைக்கு நேரமாச்சு! அதை விலகிப் போகச் சொல்லு!"

"சத்தம் போடாதே. நம்ம அதிர்ஷ்டம் வீடு தேடி வந்திருக்கு."

ஹோல்கர் பின்பக்கமாகச் சுற்றிப் போய், கார் குறுக்கே வராத இடமாகப் பார்த்து, கொட்டகை வாசலில் சரிந்து கிடந்த கிழங்குக் குவியலுக்குப் பின்னால் படுத்தான். முப்பது மீட்டர். குழந்தைகூடச் சுடும். சுட்டான். தோட்டா அவசரப்படாமல் போய், அவனுக்கு முன்னால் இருந்த குவியலிலேயே இறங்கியது. அழுகிய கிழங்கு அவன் முகம் முழுக்கத் தெறித்தது. கடமான் திரும்பிப் பார்த்தது, ஏப்பம் விட்டது.

துடைத்துக்கொண்டு கடைசித் தோட்டாவைப் போட்டான்.

டிக்.

எந்தக் காலத்துத் தோட்டாவோ, வெடிக்கவில்லை.

"போதும்!" குன்வோர் படியிறங்கி வந்து, நல்ல கெட்டியான கிழங்காக ஒன்றைப் பொறுக்கி விட்டெறிந்தாள். அது கடமானின் மூக்கிலேயே போய் விழுந்தது. போதை தெளிந்த கடமான் வேலியைத் தாண்டி, வயலைத் தாண்டி நேராக ஓடிப்போய், அங்கே வேட்டைக்குக் காத்திருந்தபடி ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த ராங்ஹில்டின் முன்னால் நின்றது. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுட்டாள்.

அன்று கறி பங்கு போடும்போது ஹோல்கர் வாதாடினான். "கிழங்கெறிவான்தானே அதைக் கிளப்பி விட்டது?"

"கிழங்கெறிஞ்சவ குன்வோர். ஆகவே கிழங்கெறிவான் இனிமே அவதான்," என்று ராங்ஹில்ட் தீர்ப்புச் சொன்னாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் அது ஊர்த் தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் ஹோல்கர் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது யெல்லே டிராக்டரில் வந்தான்.

"என்னாலதானே இவ்வளவும். மிச்சக் கிழங்கை அள்ளிட்டுப் போயிடறேன். அந்த மெஷினையும் நானே எடுத்துக்கட்டுமா? பாவம், சும்மாதானே கிடக்கப் போகுது. லைசென்ஸ்கூட வந்திருக்கு."

ஹோல்கருக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கியைக் கொடுத்து, வெடிக்காத அந்த ஒற்றைத் தோட்டாவையும் ஞாபகார்த்தமாகக் கொடுத்தான்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பீரோவின் ஆறாவது இடத்தில் குன்வோரின் புது ரைஃபிள் ஏறியது. ஊரில் இன்றுவரை அவளுக்குக் கிழங்கெறிவான் என்றுதான் பெயர். நேரில் கூப்பிட்டவர் ஒருவர்தான், அவரும் தெற்கே குடிபெயர்ந்துவிட்டார். அடுத்த செப்டம்பரில் யெல்லே வேட்டையின் முதல் நாளே, பழைய கிழங்கெறிவானால் ஒரே தோட்டாவில் பெரிய கடமானைச் சாய்த்தான். அக்டோபரில் ராங்ஹில்டைக் கல்யாணம் செய்துகொண்டான்.

தோட்டா எங்கே கிடைத்தது என்று கல்யாண விருந்தில் ஹோல்கர் கேட்டதற்கு, "வீட்டை வாங்கினப்பவே நிலவறையில எட்டுப் பெட்டி இருந்துச்சு," என்றான் மாப்பிள்ளை.

ஹோல்கர் பெருமூச்சு விட்டுச் சிக்பிரிட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ சொன்னதைக் கேட்டு நான் தோட்டான்னே எழுதியிருக்கலாம். பாவம், அவனுக்குப் புரியல."

சிக்பிரிட் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தினாள்.

"யாருக்குப் புரியல? நீ சீட்டு ஒட்டிட்டுப் போன அரை மணி நேரத்துல, கிழங்கெறிவானுக்கு லைசென்ஸ் கேட்டு மனு எழுதி, என்கிட்டதானேய்யா தபால்ல சேர்க்கக் கொடுத்தான்!"