வாசலைத் துடைத்துவிட்டு மொட்டை மாடியை மறந்த கதை

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அத்தை மட்டும் நலம் என்று திருத்திப் படிக்கவும். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள். இல்லாமல் என்ன? நிபுணரை அனுப்பிவைத்துவிட்டு எட்ட நின்றுகொண்டவர் நீங்கள். கூடவே இருந்து அனுபவிக்கிறவர்கள் நாங்கள்.

நீங்கள் போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாமா, பழைய நகரத்துக்கு நடுவுல விடுதி வெச்சிருக்கீங்க, இப்படி மங்கலா நாலு போட்டோ குடுத்தா எவன் மதிப்பான்? மேலேருந்து எடுக்கணும். என் ஃப்ரெண்டு ஒருத்தர் ட்ரோன் விடறார். தொழில்முறைக்காரர். லைசென்ஸ் இருக்கு" என்றீர்கள். எனக்கும் அப்போது படம் ஒன்று தேவைப்பட்டது. இந்தப் பழைய நகரத்தில் முன்னோர் போட்ட கூரைக்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறக் கூடாது என்று விதி இருப்பதும், அந்த விதியை மதிக்கிற விடுதிகளுக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு வாரியம் ஒரு பித்தளைப் பலகை கொடுப்பதும், அந்தப் பலகை தொங்காத வாசலில் எந்தப் பயணியும் பெட்டியை இறக்குவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த முறை வாரியம் எல்லோரிடமும் படம் கேட்டது. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். என் தலைக்கு அந்தப் பழக்கம் உங்கள் கல்யாணத்திலிருந்தே இருக்கிறது.

உங்கள் நிபுணர் ஆரஞ்சு நிறச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் ஒரு குடும்பமே குடிபோகும் அளவுக்குப் பெட்டிகளுமாக வந்து இறங்கினார். உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் நின்று, "இங்க காத்து எப்படி?" என்று கேட்டார். "ஃபேன் போட்டா வரும்" என்றாள் அத்தை. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு லைசென்ஸ் வாங்கவில்லை போலிருக்கிறது. பிறகு, ட்ரோன் கிளம்பவும் இறங்கவும் ஆடாத சமதளம் வேண்டும், பக்கத்தில் யாரும் வரக் கூடாது என்று சொல்லி, எங்கள் சாப்பாட்டு மேஜையைத் தூக்கித் தெரு நடுவில் போட்டுச் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார். அன்று தங்கியிருந்த விருந்தினர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். அதில் ஒருவர், இது இந்த விடுதியின் பழைய வழக்கமா என்று மரியாதையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் மட்டும் என்ன, சும்மா இருந்தோமா? படம் எடுக்க வருகிறார்கள் என்றதும் முகப்புக்கு வெள்ளையடித்தோம், கதவின் பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் தேய்த்தோம், பூந்தொட்டிகளை உயர வரிசையில் அடுக்கினோம். சமையல்காரர் முகம் மழித்து வந்ததில் அவரை அடையாளம் தெரியாமல் நானே "ரூம் வேணுமா?" என்று கேட்டேன். அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். எல்லோரும் வாசலில் நின்று பல்லைக் காட்டினோம். மேஜையிலிருந்து அந்த யந்திரம் ரீங்காரத்தோடு கிளம்பி, எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே மேலே போய் மறைந்துவிட்டது. தாடை வலிக்கும்வரை சிரித்துவிட்டு, "எங்கள எடுக்கலையா சார்?" என்று கேட்டேன். "வாசல யார் வேணா போன்ல எடுக்கலாம் சார். நான் மேலேருந்து எடுக்கறவன்" என்றார். ட்ரோன் மேலேயிருந்து பார்க்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாசலைத் துடைத்தோம்.

அதற்குள் எதிர்வீட்டு நீதிபதி, அதாவது வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தீர்ப்பு சொல்வதிலிருந்து ஓய்வு பெறாதவர், எங்கள் தெருச் சங்கத் தலைவர், இடுப்புத் துண்டோடு ஜன்னலுக்கு வந்து, "யோவ், நான் மாடில குளிச்சிட்டிருக்கேன், தலைக்கு மேல என்னய்யா சுத்துது?" என்று சத்தம் போட்டார். உங்கள் நிபுணர் காதில் எதையோ மாட்டியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. நம் விடுதியைக் கொஞ்சம் காட்டிய பிறகு, வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஊர்க்கோடியில் இருக்கும் வாரிய அலுவலகத்தின் தலைக்கு மேலேயே வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். விடுதி என்னுடையது, பேட்டரி தீர்ந்தது அந்தக் கட்டடத்துக்காக. கேட்டால், "கலைக்கு எல்லை கிடையாது சார்" என்கிறார். அந்தப் பகுதியைப் பிறகு அவரே வெட்டி எடுத்துவிட்டார், நம் விடுதிக்குச் சம்பந்தமில்லையாம். இதைத்தானே ஐயா நானும் சொன்னேன்!

நேற்று வாரிய மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். தெருவே திரண்டு வந்திருந்தது. புல்லாங்குழல் இசை ஒலித்தது. திரையில் எங்கள் தெரு மேலிருந்து தெரிந்தது. கீழே நின்று பார்த்தால் ராஜா காலம். மேலே நின்று பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக் கடை. ஒவ்வொரு கூரையின் மேலும் ஒரு தகரக் கொட்டகை. நீதிபதி மாடியில் அறைக்கு மேல் அறை கட்டி வாடகைக்கே விட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் நடுவில், பளிச்சென்ற நீலத் தகரத்தோடு, ஏசி பெட்டியோடு, கதவில் பேத்தி வரைந்த யானையோடு, நம் மாடியறை. உங்கள் நிபுணர் அதன் மேல் நின்று நிதானித்து ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். உங்கள் நிபுணர் என் காதருகே குனிந்து, "நீலம் நல்லா வந்திருக்கு, இல்ல சார்?" என்றார்.

மாத முடிவுக்குள் எல்லா மாடியறைகளையும் இடிக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. தெருவில் யாரும் என் முகத்தில் விழிப்பதில்லை. நீதிபதி என் வாசலைத் தாண்டும்போது குடையை விரித்துக்கொள்கிறார்.

மாப்பிள்ளை, அந்த அறையை யாருக்காகக் கட்டினேன்? தலைதீபாவளிக்கு ஆரத்தி எடுத்து வரவேற்றும், கீழ் அறையில் புழுக்கம் என்று விடிவதற்குள் பெட்டியைக் கட்டிய உத்தமர் யார்? பெயர் சொல்லவில்லை. பலகை போனால் போகட்டும், தெருவில் யாரும் பேசாவிட்டால் காதுக்கு நிம்மதி. ஆனால் அந்த அறை போனால் நீங்கள் வர மாட்டீர்கள். நீங்கள் வராவிட்டால் அவளும் வர மாட்டாள். என் மகள் வந்து நாலு நாள் கால் நீட்டிப் படுத்துவிட்டுப் போக, இவ்வளவு பெரிய விடுதியில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு தகர அறைதான்.

உங்கள் நிபுணர் இன்னும் கிளம்பவில்லை. சூரியன் இங்கே சரியாக மறையவில்லையாம், ஒழுங்காக மறைகிற வரைக்கும் இருக்கப்போகிறாராம். சாப்பாட்டு மேஜை இன்னும் தெருவில்தான் இருக்கிறது. ஆகவே உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது: ஒன்று, அவரை உடனே திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவர் எடுத்ததை ஒரு துளி விடாமல் அழிக்கச் சொல்லுங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் மூவரும் எங்கிருந்தாலும் நூறாண்டு வாழ்க. உங்கள் நண்பரும் வாழ்க, வேறு ஊரில்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத
மாமா

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் காலையில் கடிதத்தை அனுப்பவில்லை. நல்லதாகப் போயிற்று. எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள்! மத்தியானம் சாப்பாட்டின்போது உங்கள் நண்பர், வெட்டி எடுத்த பகுதியை அத்தைக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். வேறு யாரும் பார்க்க ஒப்புக்கொள்ளாததால். "என்னங்க, இங்க வாங்க!" என்று அவள் கத்திய கத்தலில் சமையல்காரரும் ஓடி வந்தார். வாரிய அலுவலகத்தின் உச்சியில், நம்முடையதைவிடப் பெரிய தகர அறை. அதன் வாசலில் சாய்வு நாற்காலி. அதில் பனியனோடு கால்மேல் கால் போட்டுத் தூங்குகிறவர் சாட்சாத் வாரியத் தலைவர். நீதிபதியும் நானும் குடையை மடக்கி வைத்துவிட்டு ஒன்றாகப் போய் அவருக்குக் காட்டினோம். கடைசிவரை பார்த்தார். எங்களுக்கு டீ சொன்னார். "தெருவுல நின்னு பார்த்தா தெரியாதது எதுவும் விதிக்குள்ள வராதுங்க. அதான் எப்பவும் எங்க நிலைப்பாடு" என்றார். உத்தரவு ரத்து. பலகை வருகிறது. ஊருக்கு மேல் ட்ரோன் பறக்க மட்டும் இன்றிலிருந்து தடை.

ஆகவே மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பி வாருங்கள். ஒரே ஒரு சின்ன விஷயம். பலகையை ஆணி அடித்து மாட்டும்வரை உங்கள் நண்பரும் அவருடைய பெட்டிகளும் பத்திரமாக நம் கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்று தெருச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. அவரை மாடியறையில் தங்க வைத்திருக்கிறேன். காற்று பிரமாதம் என்கிறார். மகளும் பேத்தியும் அத்தையோடு படுத்துக்கொள்வார்கள். உங்களுக்குக் கீழ் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.