சிவப்புப் பொட்டு வைத்த நான்கு நட்டுகள்

எங்கள் பண்டார் தெங்காராவில் மட்டுமல்ல, ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் பொட்டு அண்ணனைப் போலப் பொறாமை பிடித்த மனிதர் கிடைக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் நமக்கு வயிறு எரிகிறதே, அந்தச் சில்லறைப் பொறாமையைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பத்துக் கார் வாங்கி வரிசையாக நிறுத்தினாலும் அவருக்குக் கவலையில்லை. ஆனால் அவர் ஒருமுறை பழுது பார்த்த வண்டியை வேறொரு மெக்கானிக் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. எந்த நட்டை முடுக்கினாலும் கடைசியில் அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். பாதி நட்டின்மேல், பாதி அது உட்கார்ந்திருக்கும் இரும்பின்மேல். நட்டை யாராவது திருப்பினால் பொட்டு இரண்டாக உடைந்துவிடும். பெரிய கம்பெனிகளிலும் நட்டு தளர்கிறதா என்று பார்க்க இப்படி அடையாளம் வைப்பார்களாம். பொட்டு அண்ணனுக்கு நட்டின்மேல் சந்தேகமே கிடையாது, சந்தேகமெல்லாம் வண்டியின் சொந்தக்காரர்மேல்தான்.

நெயில் பாலிஷ் வாங்க அவரே கடைக்குப் போவார். மலைபோல உடம்பு, காது வரை மீசை, கையெல்லாம் கருப்பு எண்ணெய். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சிவப்பாகத் திறந்து தன் கட்டைவிரல் நகத்தில் பூசிப் பார்ப்பார். "இது பெட்ரோல் பட்டா போயிருமா?" என்று கேட்பார். விற்கிற மலாய்ப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவர் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது ஐந்து நகமும் ஐந்து விதச் சிவப்பாக இருக்கும். அந்தக் கையோடுதான் மறுநாள் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து நியாயம் பேசுவார்.

ஒருமுறை ஒரு சாவு வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். பிணத்தை எடுக்கும் நேரத்தில் பொட்டு அண்ணனைக் காணவில்லை. தோள் கொடுக்க ஆள் குறைகிறது என்று தேடினால், வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியோடு ரோட்டோரம் நின்ற ஒரு காரின் அடியில் மல்லாந்து கிடந்தார். இறந்தவருடைய மருமகனின் கார் அது. இழுத்து வெளியே எடுத்தோம். கண் கலங்கியிருந்தது. துக்கம் தாளவில்லை போலிருக்கிறது என்று ஒரு பெரியவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"பாவி, மூணு நட்ட தொறந்திருக்கான்," என்றார் பொட்டு அண்ணன்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் வேன் வாழ்க்கைப்பட்டிருந்தது. என் மனைவிக்குக் கல்யாணங்களுக்கு மணமேடை அலங்காரம் செய்யும் தொழில். நான் அவளுடைய டிரைவர், சுமைதூக்கி, பூவுக்குத் தண்ணீர் தெளிப்பவன். மிச்ச நேரத்தில் எழுத்தாளன். வேன் நின்றால் மணமேடை போகாது, மணமேடை போகாவிட்டால் எங்கோ ஒரு மாப்பிள்ளை வெறும் சுவருக்கு முன்னால் தாலி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே எங்கள் வீட்டில் என் உடல்நிலையைவிட வேனின் உடல்நிலை முக்கியம்.

அந்த வேன் ஒருநாள் பின்பக்கத்தில் ஊளையிட ஆரம்பித்தது. வேகம் கூடக் கூட ஊளையும் கூடியது. பொட்டு அண்ணன் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் மணமேடைத் தூண்களுக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்தார். செம்பனைத் தோட்டத்து ரோட்டில் வளைவு வளைவாகப் போனோம். ஏதோ கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மாப்ளே, நீங்க பேசாதீங்க. அவ பேசுறா."

என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் நான் அவருக்கு மாப்பிள்ளை. வேன் அவருக்கு 'அவ'. முன் இருக்கையில் இருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் பேசறத ஒரு நாளாச்சும் இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றாள். ஊளையிட்டது வேன், மாட்டிக்கொண்டது நான்.

பின்சக்கரத்தைச் சுழற்றுகிற நீளமான இரும்புத் தண்டுக்கு ஷாப்ட் என்று பெயர். அது ஆடாமல் சுழல பேரிங். உள்ளே இருக்கும் கியர் ஆயில் வழிந்து பிரேக்கில் இறங்காமல் தடுக்க ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் பொட்டு அண்ணன் அதைச் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஷாப்ட்டின் முனையில் கனத்த இழுப்புச் சுத்தியை மாட்டி இழுத்து எடுத்தார். பழைய பேரிங்கை வெட்டி எறிந்தார், புதியதைப் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தினார். அதுவரை எல்லாம் முரட்டு வேலை. அதன்பின் ஆளே மாறிவிட்டார். சுண்டுவிரலால் சீலின் உதட்டில் எண்ணெய் தடவினார். ஷாப்ட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, அதன் முனையில் உள்ள பல் ரப்பரில் உரசிவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே விட்டார். பிரேக் தட்டுக்குப் பின்னால் நான்கு நட்டு. முடுக்கினார். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து நான்குக்கும் பொட்டு வைத்தார். பிறகு மறுபக்கமும் அப்படியே.

"இனிமே அவள வேற எவனும் தொடக் கூடாது மாப்ளே," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் நல்லபடியாகப் போனது. என் மனைவியின் தம்பி பொந்தியானில் மீன் வியாபாரம் செய்கிறான். அவனுடைய லாரி கெட்டுப்போன ஒரு வாரத்துக்கு எங்கள் வேனைக் கடன் வாங்கிப் போனான். அங்கே வெள்ளத் தண்ணீரில் ஓட்டியதில் வலது பக்கப் பேரிங் கெட்டுவிட்டது. அக்காவுக்கு எதற்குத் தொந்தரவு என்று அங்கேயே ஒரு பட்டறையில் பேரிங்கையும் சீலையும் மாற்றி, வேனைக் கழுவி, மீன் வாடை போக ஊதுபத்தி கொளுத்தி, வாய் திறக்காமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவன் செய்தது நல்ல காரியம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த மாதம் எஞ்சின் ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போனேன். பொட்டு அண்ணன் வழக்கம்போல முதலில் வேனுக்கு அடியில் போனார். வெகுநேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு கால்களும் அசையவில்லை. மயங்கிவிட்டாரோ என்று குனிந்தேன்.

"சார்," என்று ஒரு குரல் அடியிலிருந்து வந்தது. அதுவரை அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டதே இல்லை. "வலது பக்கம் யாரு சார் தொறந்தா?"

"யாரும் தொறக்கலயே அண்ணே."

"நாலு பொட்டும் ஒடஞ்சி கெடக்கு. நட்டுல ஸ்பானர் வழுக்குன காயம் வேற. பொய் சொல்லாதீங்க சார்."

அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் சந்தோஷமாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். "நல்ல ஒர்க்‌ஷாப் மாமா, சட்டுன்னு முடிச்சிட்டாங்க!" என்று ஸ்பீக்கரில் கத்தினான். அந்தச் 'சட்டுன்னு' பொட்டு அண்ணனின் நெஞ்சில் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப அங்கயே கொண்டு போங்க சார். நம்ம கை மெதுவான கை," என்றார். எஞ்சின் ஆயில்கூட மாற்றவில்லை.

ஒரு வாரத்தில் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் காரணமில்லாமல் இரண்டு மூன்று தரம் போய்வந்தேன். எங்கள் வேன் எப்போதும் நிற்கும் ரம்புத்தான் மரத்து நிழலில் ஒரு துரியான் வியாபாரியின் பிக்கப் நின்றது. அதன் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, எங்கள் சீலுக்கு எண்ணெய் தடவிய அதே சுண்டுவிரலால் அதன் சீலுக்குத் தடவிக்கொண்டிருந்தார் பொட்டு அண்ணன். பாட்டு வேறு முணுமுணுத்தார். எங்கள் வேனுக்கு அவர் பாடியதே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிக்கப்பில் அப்படி என்ன இருக்கிறது? துரியான் நாற்றத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"பேரிங் நல்லாத்தான ஓடுது, அப்புறம் எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி. "அவரு பொறாம புடிச்ச ஆளு," என்றேன். "யாரு, அவரா?" என்று கேட்டுவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டாள்.

பொந்தியான் சீல் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பாலோவில் ஒரு கல்யாணத்துக்கு மணமேடை ஏற்றிப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள், வலது சக்கரத்தில் கருகிய வாடை வந்தது. எட்டிப் பார்த்தால் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து பளபளக்கிறது. பிரேக் எண்ணெயில் குளித்துவிட்டது. தள்ளாடித் தள்ளாடி நானும் மனைவியும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பொட்டு அண்ணன் வெளியே வந்து, வாடையை மோந்து பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடி மறைந்தது.

"கட்டுனவன்கிட்டயே காட்டுங்க சார்."

"அண்ணே, நாளைக்குப் பாலோவுல கல்யாணம்," என்றேன். "பொண்ணு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"பொந்தியான்ல சட்டுன்னு முடிச்சிக் குடுப்பாங்களே."

நான் கெஞ்ச ஆரம்பித்தேன். என் மனைவி கெஞ்சவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணன் சொல்றதும் சரிதாங்க. வாங்க, வண்டி இழுக்குற டோ லாரியக் கூப்பிட்டுப் பொந்தியானுக்கே அனுப்பிருவோம். எப்படியும் அங்க போறா, இடது பக்கத்தையும் அவங்களே தொறந்து பாத்துறட்டும்."

இடது பக்கம்! நான்கு பொட்டும் உடையாமல் இருக்கிற இடது பக்கம்! பொட்டு அண்ணனின் மீசை துடித்தது. நான் போனை எடுத்து ஒரு நம்பரைக்கூட அழுத்தியிருக்க மாட்டேன்.

"அலமாக்! எறங்கு தங்கச்சி!" என்று கத்தினார். "இடது பக்கத்துல எவனாச்சும் கை வச்சான், நான் மனுசனா இருக்க மாட்டேன். மாப்ளே, ஜாக்கிய எடுங்க லா, வேடிக்க பாத்துக்கிட்டு!"

மாப்ளே! அந்த ஒரு சொல்லுக்காக ஜாக்கி என்ன, வேனையே கையால் தூக்கியிருப்பேன். அன்றும் மரத்து நிழலில் நின்ற துரியான் பிக்கப்பை அவரே தள்ளி வெயிலில் விட்டார். அதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை மாற்றி, புது சீல் போட்டு, பேரிங்கையும் சும்மா விடாமல் மாற்றினார். பொந்தியான்காரன் போட்ட பேரிங் நல்லாத்தானே இருந்தது என்று கேட்டேன். "நல்லாருந்தா என்னா? அது அவன் போட்டது," என்றார். பாலோ மாப்பிள்ளை மறுநாள் பூந்தூண்களுக்கு நடுவில் தாலி கட்டினார்.

அப்படிப்பட்ட மனிதர் போன வருடம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

சிங்கப்பூர் என்றாலே முகம் சுளித்தவர் அவர். கார் என்பது அவர் வாயில் எப்போதும் காடிதான். "பத்து வயசுல காடிய வெட்டிப் போடுற ஊரு மாப்ளே. ஒரு காடியோட பழகி அதோட கொணம் தெரியறதுக்குள்ள அது செத்துப் போயிருது," என்பார். ஆனால் இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் காலேஜுக்குப் போனதும் பட்டறையை மூடிவிட்டார். வாரமெல்லாம் அங்கே, ஞாயிறு மட்டும் வீடு. அங்கே பளபளக்கும் கண்ணாடிக் கட்டடத்தில், ஏர்கண்டிஷனில், புதுக் கார்களாகப் பார்க்கிறாராம். யூனிபாரம் போட்ட போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார். பின்னால் ஒரு வெள்ளைக் கார், அழகான கார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு வேன் மறுபடியும் ஊளையிட்டது. இந்தமுறை இடது பக்கம். எங்கள் ஊரில் வேறு பட்டறை இல்லாமலில்லை. இரண்டு இடத்துக்கு வாசல்வரை போய் நின்றேன். ஸ்பானரோடு ஒருவன் வேனுக்கு அடியில் தலையை விட்டதும், "வேண்டாம் லா போஸ், அப்புறம் வர்றேன்," என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் என் மனைவியே பேரிங்கும் சீலும் வாங்கி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பொட்டு அண்ணன் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள்.

கைலியோடு வந்தார். மெலிந்திருந்தார். சத்தத்தைக் கேட்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை, நேராக வேனுக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் தெரிந்தன.

"பொட்டு அப்படியே இருக்கு மாப்ளே," என்றது குரல்.

"இருக்கும்," என்றேன்.

"எத்தன நாளா அழுவுறா?"

"தீபாவளிக்கு முன்னாலருந்து."

"பைத்தியமா உங்களுக்கு? பேரிங் புடிச்சிக்கிட்டா சக்கரம் கழண்டு ஓடிரும்! வேற எங்கயாச்சும் காட்டியிருக்க வேண்டாமா?"

என் மனைவிதான் சொன்னாள். "பொட்டு ஒடஞ்சிருமாம் அண்ணே. விடமாட்டேங்கறாரு."

பொட்டு அண்ணன் வெளியே வந்து, அவள் கையிலிருந்த பேரிங்கையும் சீலையும் வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். பட்டறையை மூடினாலும் பிரஸ் மெஷினை மட்டும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சீலுக்கு எண்ணெய் தடவினார், ஷாப்ட்டை ஏந்தினார், மூச்சைப் பிடித்தார். நட்டுகளை முடுக்கிவிட்டு அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துவந்தார். அதைப் பார்த்ததும் இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அங்க சிங்கப்பூர் காடிங்களுக்கும் இப்படித்தான் வைப்பீங்களா அண்ணே?"

"அங்கயா? கம்பெனி பேனா குடுத்திருக்கு. வெள்ளக் கோடு போடணும். ரூல்ஸ்."

"செவப்பு?"

நான்காவது நட்டுக்குப் பொட்டு வைத்து, அது காய ஊதினார்.

"செவப்பு எதுக்கு மாப்ளே? அங்க எவன் தொட்டா எனக்கென்னா?"

திரும்பி வரும்போது வேன் ஊளையிடவில்லை. செம்பனைகளுக்கு நடுவில் ரோடு நீண்டு கிடந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் எத்தனை வெள்ளைக் கார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.