விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

செம்பாக்கம் ஏரிக்காற்று வீசும் மொட்டை மாடியில் நின்று ஸ்ரீரங்கன் சபதம் செய்தார்.

"இந்த ஒரு பீர்க்கங்காய் விதைக்கு. எவன் வந்தாலும் பறிக்க விடமாட்டேன்!"

எவனும் வரவில்லை. மனைவி சரசுதான் கத்தியோடு வந்தாள்.

"ஏங்க, நகருங்க. துவையலுக்கு ஒரு காய் குறையுது."

"குறையட்டும்! போன வருஷம் கடையில வாங்கின பாக்கெட்டுல பாதி முளைக்கவே இல்ல. இனிமே ஆயுசுக்கும் கடை விதை இந்த மாடி ஏறாது. வருஷா வருஷம் என் கொடி, என் விதை!"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த முனீர் எட்டிப் பார்த்தார். "வார்த்தை மாற மாட்டீங்களே சார்?"

"தலையே போனாலும் மாறாது பாய். நீங்கதான் சாட்சி."

இருபத்தாறு வருட இல்லறத்தில் ஸ்ரீரங்கன் ஜெயித்தது ஒரே ஒரு சண்டை. பாத்திரம் தேய்க்கும் சண்டை. 'கம்பி நாரும் பிளாஸ்டிக் நாரும் பட்டா கை வெடிக்குது, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்' என்று சொல்லித் தப்பித்திருந்தார். எந்த டாக்டர் என்று சரசு இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது வெற்றி இந்தக் காய்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

காம்பில் சிவப்புத் துணி கட்டினார். அணிலுக்குப் பயந்து தன் பழைய பனியனைக் காய்க்குப் போர்த்தினார். ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் காய், அப்புறம்தான் காபி.

ஒரே வாரத்தில் சரசு அடங்கிவிட்டாள். முனீர் வீட்டு அஜீசாவோடு மதில் ஓரம் ஏதோ பேசிவிட்டு வந்தவள், அன்றைக்கே கொடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அவசரப்பட்டு ஸ்ரீரங்கன் பறிக்கப் போனபோது அதட்டல் வேறு.

"கையை எடுங்க! கொடியிலேயே காயட்டும். ஆட்டினா உள்ள கலகலன்னு கேக்கணும்."

என்ன அக்கறை, என்ன பணிவு! பெருமையில் நெஞ்சு விரிந்து ஸ்ரீரங்கனுக்குச் சட்டையில் இரண்டு பொத்தான் போட முடியவில்லை.

வைகாசியில் காய் கலகலத்தது. முனீர் முன்னிலையில் அடிமுனையை ஒடித்துக் கவிழ்த்தார். கறுகறுவென்று விதைகள் கொட்டின. அறுபத்தெட்டு!

"பாத்தியா சரசு? இந்த வீட்ல யார் பேச்சு நின்னுச்சு?"

"உங்க பேச்சுதாங்க."

அவள் காலிக் கூட்டை எடுத்துத் தோலை உரித்தாள். உள்ளேயிருந்து மெத்தென்று ஒரு நார் வந்தது. அதை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை அவர் கையில் வைத்தாள்.

"கம்பியும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. நீங்க வளர்த்த நார். கை வெடிக்காது. சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கு."

ஸ்ரீரங்கன் அப்போதும் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த நார் எத்தனை நாளைக்கு வரும்? தேய்ஞ்ச அன்னிக்கே நிறுத்திடுவேன், ஆமா!"

சரசு தரையில் சிந்திய விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஆயுசுக்கும், வருஷா வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க? பாய் சாட்சி."