ஜெரி அழுத அத்தியாயம்

"கடைசியா நீங்க படிச்ச புத்தகம் எது?"

மேனேஜர் அனிஷா கேட்டதும் ஜெரி அறையைச் சுற்றிப் பார்த்தான். கன்டெய்னர் யார்டில் இருந்த காலத்தில் அவன் படித்ததெல்லாம் பெட்டிகள்மேல் எழுதிய நம்பர்தான். அந்த யார்டையும் மூடிவிட்டார்கள். அரியர் வைத்து முடித்த பி.ஏ.வை நம்பி, திருவொற்றியூரில் இந்தப் பதிப்பகத்தில் உதவி ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கிறான். கிடைக்காவிட்டால் நாளைக் காலை மச்சான் மேத்யூவின் ஐஸ் கம்பெனியில் போய் நிற்க வேண்டும் என்று மனைவி ஃப்ளோரன்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். ஐஸைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மச்சானின் சிரிப்பை எவன் தாங்குவான்?

அனிஷாவின் தலைக்குப் பின்னால், அலமாரியில் ஒரு தடிப் புத்தகத்தின் பெயர் கண்ணில் பட்டது.

"'கண்ணீரில் கரைந்த கப்பல்' மேடம். உங்க வெளியீடுதான்."

அனிஷா நிமிர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த முதலாளி வெள்ளத்துரை ஒரு கண்ணைத் திறந்தார்.

"முழுசாவா படிச்சீங்க?"

"ரெண்டு தடவை மேடம்."

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே!

"எந்த இடம் பிடிச்சிருந்தது?"

தலைப்பிலேயே கண்ணீர் இருக்கிறது. யாராவது செத்துத்தானே ஆக வேண்டும்?

"கதாநாயகி சாகிற இடம் மேடம். விக்கி விக்கி அழுதுட்டேன். தூங்கிட்டிருந்த ஒய்ஃப் பயந்து எழுந்துட்டாங்க."

"அது நாவல் இல்லையே. சுயசரிதை."

"அதான் மேடம்... எழுதினவரோட சம்சாரம் இருக்காங்களே... எனக்கு அவங்கதான் கதாநாயகி."

"அவங்க நேத்துகூட இங்க வந்துட்டுப் போனாங்க." அனிஷா முதலாளி பக்கம் கையைக் காட்டினாள். "எழுதினது அய்யாதான்."

ஜெரிக்கு வேர்த்துக் கொட்டியது. ராயபுரத்தில் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் வரும்போது மைக் பிடிப்பவன் அவன்தான். உபயதாரர் யாரென்று ஒரு பெயரை மட்டும் காதில் போட்டால் போதும், ஆள் கறுப்பா சிவப்பா என்று தெரியாமலே கால் மணி நேரம் புகழ்வான். பயம் வந்தாலும் வாய் தானாக அங்கேதான் போகும். இப்போதும் போனது. எழுந்தே நின்றுவிட்டான்.

"வள்ளல் பெருமகனார், வணிகச் சிங்கம், வடசென்னையின் விடிவெள்ளி, அய்யா வெள்ளத்துரை அவர்கள் தம் இதயத்தைப் பிழிந்து தந்த இந்தக் காவியத்தை..."

கண்ணை மூடிக்கொண்டு பொழிந்தான். எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. கடைசியில் வழக்கம்போலவே முடிந்தது.

"அய்யாவுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இறைவன் நிறைவான ஆசி வழங்குவாராக! சப்பரம் வருகிறது, அன்பர்கள் ஒதுங்கி வழிவிடவும்!"

அனிஷா தன்னையறியாமல் நாற்காலியை ஒதுக்கிப் போட்டாள். வெள்ளத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"கொஞ்சம் வெளிய உக்காருங்க," என்றாள் அனிஷா.

பெரியவருக்கு நெஞ்சுவலியே வரவழைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான் ஜெரி. பிறகு மச்சானுக்குப் போன் போட்டான்.

"நாளைக்கு வந்துர்றேன் மச்சான்."

"வா மாமு. வரச்சொல்லோ ஸ்வெட்டர் எட்த்துகினு வா!" மேத்யூ சிரித்த சிரிப்பு போனை வைத்த பிறகும் கேட்டது.

ஆபீசில் டீ கொடுக்கும் சிலுவையம்மாள் ஒரு கிளாசோடு வந்தாள்.

"இன்னா நைனா, இங்க குந்திகினு கீற? நாளைலேர்ந்து உன்னிய வேலைக்கு வர சொல்றாரு மொதலாளி. கண்ணத் தொட்ச்சிகினே சொல்றாருப்பா!"

ஜெரிக்கு நம்பவே முடியவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம் பிடுங்கியது.

"அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்த பொஸ்தகத்த நான் தொட்டதுகூட இல்லக்கா!"

சிலுவையம்மாள் டீயை அவன் கையில் வைத்தாள்.

"மெதுவா பேசு நைனா. அத்த நெசமாவே பட்ச்சவங்க நாலு பேரு காலையில வந்தாங்கோ. ஒர்த்தருக்கும் வேலை கெடைக்கல."